மாசி வீதிக் குறிப்புகள்

மதுரை டவுனுக்குள் அடுத்த பத்து நாளில் என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துகொள்ள நாளிதழ் தேவையில்லை, சுவர் போதும். புதுப்படம், கட்சிக் கூட்டம், காதணி விழா, பட்டிமன்றம், பூச்சொரிதல், கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும். ஒட்டுகிறவர்கள் நள்ளிரவுக்கு மேல் பசை வாளியோடு வருவார்கள். காய்வதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுவார். மதுரைப் போஸ்டர் வாசகங்களைக் கேலி செய்து எழுதாத பத்திரிகை கிடையாது. எனக்கு வாசகத்தைவிடக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் பெயர்ப்பட்டியல்தான் பிடிக்கும். ஒவ்வொரு பெயரும் காசு கொடுத்து ஏறியது. போன மாதம் சேர்ந்திருந்த இரண்டு பேர் இந்த மாதம் தனித்தனிப் போஸ்டரில் இருந்தால் தெருவில் ஒரு சண்டை முடிந்திருக்கிறது என்று அர்த்தம்.

*

நடுவே கோயில். அதைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. ஆடி வீதி மதிலுக்கு உள்ளே. பெயரெல்லாம் மாதப் பெயர்தான், ஆனால் நம்பி நடந்தால் ஏமாறலாம். சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதியில். மாசியில் நடந்துகொண்டிருந்த மீனாட்சி கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்துவைத்தார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். மாதத்தை மாற்ற அரசரால் முடிந்தது. தெருவை மாற்றவில்லை. தேரின் அகலத்தைப் பார்த்தால் அதற்கு வழியும் இல்லை.

12 நாள் திருவிழாவில் 10-ஆம் நாள் கல்யாணம், மறுநாள் தேர். கீழமாசி வீதித் தேரடியில் கிளம்பும். சுவாமிக்கு ஒன்று, அம்மனுக்கு ஒன்று என்று இரண்டு பெரிய தேர். நேரான வீதியில் தேர் போவதைப் பார்க்க எல்லோரும் நிற்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள் முனையில் நிற்பார்கள். வடம் ஒரு பக்கம் இழுக்க, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் குனிந்தபடியே ஓடி வந்து கட்டையைத் திணித்து, அடுத்த நொடி கையை எடுக்க வேண்டும். அந்த வேலைக்கு ஒத்திகை பார்க்க முடியாது. கூட்டம் "ஹர ஹர" என்று கத்தும்போது அவர் காதில் விழுவது கட்டை நெரியும் சத்தம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

கல்யாணத்தன்று சேதுபதி பள்ளியில் விருந்து. முந்தின நாளே காய் நறுக்கப் பெண்கள் கூட்டமாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சாமி கல்யாணம்தான், ஆனாலும் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதாமல் போகமாட்டார்கள். 1904-இல் சில மாதம் பாரதி தமிழ் வாத்தியாராக வேலை பார்த்த பள்ளி அது. பாரதியைப் பார்க்கப் பள்ளிக்குள் வருகிறவர்களைவிட அன்றைக்குப் பந்திக்கு வருகிறவர்கள் அதிகம். பாரதியும் அதைக் குறையாக நினைத்திருக்க மாட்டார்.

*

வெளி வீதிகள் இருக்கும் இடம் ஒரு காலத்தில் கோட்டை அகழி. 19-ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். இடிப்பு வேலையில் இருந்தவர்கள் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். கலெக்டருக்கு நினைவாக நட்டது விளக்குத்தூண். இன்று விளக்குத்தூணுக்குப் போகிறேன் என்று யாராவது சொன்னால் ஜிகர்தண்டா குடிக்கவோ துணி எடுக்கவோ போகிறார் என்றுதான் பொருள். இந்த ஊரில் மேஸ்திரி பெயர் வீதியாக நிலைத்துவிட்டது, கலெக்டர் பெயர் தூணோடு ஒட்டவில்லை. நல்ல ஏற்பாடு.

*

தங்கம் தியேட்டர் அந்தப் பெருமாள் மேஸ்திரி வீதியில் இருந்தது. 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்தார்கள். 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள். ஆசியாவிலேயே பெரிது என்று ஊரில் சொல்லிக்கொள்வோம். ஒரு காட்சி விட்டால் வீதி நிறைந்துவிடும், டவுனில் அந்த நேரத்துக்கு வண்டி ஓட்ட முடியாது. இப்போது அந்த இடத்தில் பல மாடி ஜவுளிக்கடை. கீழவாசல் பக்கம் சிந்தாமணி தியேட்டர் கதை இன்னும் விசேஷம். 1937-இல் மதுரை ராயல் டாக்கீஸ் விநியோகஸ்தர்கள் எடுத்த ‘சிந்தாமணி’ படத்தில் எம். கே. தியாகராஜ பாகவதரும் அஸ்வத்தம்மாவும் நடித்தார்கள். அந்தப் படத்தின் லாபத்தில் கட்டிய தியேட்டருக்குப் படத்தின் பெயரையே வைத்தார்கள். ஒரு படம் ஓடிச் சம்பாதித்து ஒரு கட்டிடமாக நின்ற கதை. அந்தத் தியேட்டரும் இன்று இல்லை.

தியேட்டர்கள் போனதற்கு டிவியையும் செல்போனையும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. டவுனுக்குள் ஒரு சதுர அடி என்ன விலை என்பது மீதிப் பாதி. ஒருநாளைக்கு நான்கு முறை மட்டும் கூட்டம் வரும் கட்டிடம், காலை முதல் இரவு வரை கூட்டம் வரும் கட்டிடத்தோடு போட்டி போட முடியாது. 2,500 பேர் மூன்று மணி நேரம் உட்காரும் இடத்தில் பட்டுப்புடவை அடுக்கினால் வரும் வருமானத்தை எந்தக் கதாநாயகனும் தரமுடியாது. டவுனில் கலைக்கென்று கட்டிய கட்டிடங்கள் ஒரு மனிதனின் ஆயுளைத் தாண்டவில்லை. தெருவில் நடப்பவை மட்டும் நடந்துகொண்டிருக்கின்றன. தெருவை யாராலும் ஜவுளிக்கடைக்கு விற்க முடியாததால் இருக்கலாம்.

விதிவிலக்கு ஒன்று: ரயில் நிலையம் பக்கம் இருக்கும் விக்டோரியா எட்வர்டு மன்றம். அப்போது பகலில் நூலகம், மாலையில் அதே கட்டிடம் ரீகல் தியேட்டர். எங்கள் தலைமுறைக்கு இங்கிலீஷ் படம் என்றால் ரீகல்தான். வாசிப்பு மேசைப் பக்கம் பேசாதே என்பார்கள், சாயங்காலம் அங்கேயே விசில் பறக்கும். ஒரே இடத்தை இரண்டு வேலைக்கு வைத்துக்கொண்டது அந்தக் கட்டிடத்தைக் காப்பாற்றியிருக்கலாம்.

*

மேலமாசி வீதியில் காதி கடை இருக்கும் மாடிவீட்டில்தான், 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி, காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு நாலு முழ வேட்டிக்கு மாறினார். அன்று அந்தக் கோலத்தோடு முதலில் கூட்டத்துக்கு முன் நின்ற இடம் காமராசர் சாலையில் காந்தி பொட்டல். எதிர்ப்பக்கம் அலங்கார் தியேட்டர் பின்னால் வந்தது. மதுரைக்காரர்களுக்கு உடை ஒரு சின்ன விஷயம் அல்ல. வேட்டி நுனியைத் தூக்கிப் பிடிக்கும் தினுசை வைத்தே பேட்டையைச் சொல்லிவிடுவார்கள். அன்றைக்குப் பொட்டலில் நின்ற கூட்டம் அவரைப் பார்த்து என்ன சொல்லியிருக்கும் என்று யோசிப்பேன். பக்தியோடு பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள். "என்னப்பா, பெருசு இப்புடி வந்துருக்காரு" என்று பக்கத்து ஆளிடம் கிசுகிசுத்த ஒருவராவது இல்லாமலா?

*

மேலமாசி வீதியும் வடக்குமாசி வீதியும் சந்திக்கும் முனை, பொதுக்கூட்ட முனை. எந்தக் கட்சியாக இருந்தாலும் அங்கே பேசியாக வேண்டும். மேடை என்பது நாலு பெஞ்சும் ஒரு பந்தலும். ரேடியோ செட்டுக்காரர் குழாயை எந்தத் திசைக்குத் திருப்பிக் கட்டுகிறார் என்பதில்தான் பாதிப் பேச்சாளரின் மானம் இருக்கிறது. மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் கட்சிக்காரர்கள். உண்மையான கேட்பாளர்கள் டீக்கடையிலும் கடைத் திண்ணையிலும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். பேச்சு நன்றாக இருந்தால் மட்டும் திரும்புவார்கள்.

பட்டிமன்றம் இந்தக் காதுகளில் பழகி வளர்ந்ததுதான். சாலமன் பாப்பையா அமெரிக்கன் கல்லூரி வகுப்பறையிலிருந்து தெருவுக்கு வந்தவர், அப்புறம்தான் டிவி. டிவியில் பார்க்கும்போது ஒரு குறை தெரியும். அங்கே சிரிப்பதற்கென்று உட்கார்ந்திருக்கிறார்கள். தெருவில் சிரிக்கவைப்பது கஷ்டம், பஸ் ஹாரனைத் தாண்டி ஏற வேண்டும்.

அடக்கமான இன்னொரு மேடையும் உண்டு. கோயிலுக்குள் வடக்காடி வீதியில் திருவள்ளுவர் கழகம். ஆடி வீதியில் சொற்பொழிவு, பாட்டு, கொலுவுக்குக் கச்சேரி. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு கோயிலுக்குள் கெடுபிடி கூடிவிட்டது, செல்போன் கொண்டுபோக முடியாது. பேச்சாளர்களுக்கு அது வரம். எதிரில் இருப்பவர்களுக்கு அவர்களைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

*

பாட்டுக்காரர்கள் ஊர் இது. எம். எஸ். சுப்புலட்சுமி 1916-இல் பிறந்தது அனுமந்தராயன் கோயில் தெருவில், வீணை வாசிக்கும் சண்முகவடிவின் மகளாக. டி. எம். சௌந்தரராஜன் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பிள்ளை. வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பாடியது நாடு முழுக்க. 2023-இல் முனிச்சாலையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிவாஜி விரலசைக்க நாதஸ்வரம் வாசித்தவர்கள் இந்த ஊர் சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். மணி ஐயர், சோமு இருவர் பெயருக்கு முன்னாலும் மதுரை நிற்கிறது. பெயரில் ஊரைச் சுமந்து போனவர்கள் அதிகம், ஊருக்குள் தங்கியவர்கள் கொஞ்சம். சபாவும் பத்திரிகையும் ரெக்கார்டு கம்பெனியும் சென்னையில் இருந்தன. அதற்காகச் சென்னையைத் திட்டிப் பயனில்லை. இங்கே கேட்பதற்குக் காது இருந்தது, கொடுப்பதற்குக் காசு இருந்ததா என்பது வேறு கேள்வி.

*

இனி நாடகக்காரர்கள். டவுனில் எனக்கு மிகவும் பிடித்த தொழில் இதுதான், ஊர்ப் பெருமையில் யாரும் சேர்க்காததும் இதுதான்.

ஸ்பெஷல் நாடகம் என்றால் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஒருவர், ஸ்திரீபார்ட் ஒருவர், பபூன் ஒருவர், டான்ஸ் ஆடும் பெண் ஒருவர், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு, தாளம். ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி அமர்த்துவார்கள். அவர்கள் ஒருவரையொருவர் சந்திப்பது அன்றிரவு அந்தக் கிராமத்து மேடைக்குப் பின்னால்தான். ஒத்திகை இல்லை. இரவு பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை ஓடும். எப்படி முடிகிறது என்றால், நாடகம் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிவைத்த பாட்டும் வசனமும்தான் அவர்கள் பொதுச்சொத்து. ராமநாதபுரம் பக்கத்து ராஜபார்ட்டும் திண்டுக்கல் வள்ளியும் அதைப் பிடித்துக்கொண்டு முன்பின் பழகாமலே ஒரு ராத்திரியை ஓட்டிவிடுவார்கள்.

முதலில் பபூன் வருவார். தனியாகப் பேசி, பாடி, கூட்டத்தை உட்காரவைப்பார். பிறகு டான்ஸ். இருவரும் இரட்டை அர்த்தத்தில் அடித்துக்கொள்ளும்போது முன்வரிசைப் பொடிசுகள் சிரிக்கும், பின்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அதைவிட அதிகம் சிரிப்பார்கள். சாமத்துக்கு மேல்தான் தர்க்கம். நாரதரும் வள்ளியும் எதிரெதிரே நின்று பாட்டிலும் வசனத்திலும் வாதாடும் இடம். இங்கேதான் ஒத்திகை இல்லாததன் ருசி. எதிராளி எந்தப் பாட்டை எடுப்பார், எந்தப் புராணத்தை இழுப்பார் என்று தெரியாது. மடக்கினால் பதில் சொல்ல வேண்டும், சொல்லவில்லை என்றால் பாயில் படுத்திருக்கும் கிழவர் எழுந்து உட்கார்ந்து "ஆத்தா, விட்றாத" என்பார். ஆர்மோனியக்காரர் யார் தடுமாறுகிறாரோ அவருக்குச் சுருதியில் முட்டுக்கொடுப்பார். சில சமயம் வேண்டுமென்றே கொடுக்கமாட்டார். அந்த அரசியல் தனி.

இவர்களுக்கு மதுரையில் 1923-இல் தொடங்கிய சங்கம் இருக்கிறது, தமிழ்நாடு நாடக நடிகர் சங்கம். வருஷம் தோறும் சங்கரதாஸ் சுவாமிகளுக்குக் குருபூஜை. அன்றைக்கு வேடமில்லாமல் எல்லோரையும் பார்க்கலாம். தமுக்கம் மைதானத்தில் சுவாமிகளுக்குச் சிலை இருக்கிறது. 1918-இல் மதுரையில் அவர் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது சேர்ந்த பிள்ளைகள்தான் டி. கே. எஸ். சகோதரர்கள். எம். ஜி. ஆர். சிறுவயதில் சேர்ந்த கம்பெனியின் பெயரும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. சினிமாவுக்கு முதல் இரண்டு மூன்று தலைமுறை நடிகர்களைப் பெற்றுக் கொடுத்த வீடு இது. பிள்ளைகள் கார் வாங்கிக்கொண்டு போனார்கள். வீடு வாடகையில் இருக்கிறது.

வாடகை என்று எழுதியது உவமைக்காக மட்டும் அல்ல. நாடகத்தில் நடிக்கும் பெண்ணுக்கு டவுனுக்குள் வீடு பிடிப்பது இன்னும் லேசு கிடையாது. ராத்திரி போய்க் காலையில் வருகிறவர் என்றால் வீட்டுக்காரர் முகம் மாறும். அதே வீட்டுக்காரர் ஊர்த் திருவிழாவில் முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நாடகம் பார்த்தவராகவே இருப்பார். இந்தப் பெண்கள் இந்தப் பேச்சையெல்லாம் தாண்டி எப்படித் தெருவில் நடக்கிறார்கள், பஸ்ஸில் எங்கே உட்காருகிறார்கள், வேனுக்கு எங்கே காத்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து கவனித்து சூசன் சைஸர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 2005-இல் தடிமனாக ஒரு ஆங்கிலப் புத்தகமே வெளியிட்டார். டவுனில் அவர்களோடு ஒரே சந்தில் குடியிருந்த நாம் ஒரு கட்டுரை எழுதினோமா என்று கேட்டால் எனக்கும் சேர்த்துத்தான் சங்கடம்.

*

புதுமண்டபம். திருமலை நாயக்கர் கட்டிய வசந்த மண்டபம். நானூறு வருஷம் ஆகப்போகிற ஒன்றை இன்னும் புதுசு என்றே கூப்பிடுகிறோம். சில வருஷம் முன்புவரை தூண்களுக்கு நடுவே தையல் மிஷின்கள் ஓடின, புத்தகக் கடையும் பாத்திரக் கடையும் இருந்தன. கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிற்பத்துக்கு நல்லது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆணி அடித்துத் துணி தொங்கவிட்ட யாளியைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். ஆனால் சித்திரை வருவதற்கு ஒரு மாதம் முன்னால் அங்கே நடந்த வேலையையும் சொல்ல வேண்டும். அழகருக்கு நேர்ந்துகொண்டு தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், திரியெடுத்து ஆடுகிறவர்கள் உடுத்தும் உடுப்பு, தலைப்பாகை, ஜரிகைக் கச்சை எல்லாம் அந்தத் தையல்காரர்கள் கையில் உருவானவை. அளவெடுக்கும்போதே "போன வருஷத்துக்கு இடுப்பு ஒரு இஞ்சு கூடிருச்சுண்ணே, அழகரு நல்லா வச்சிருக்காரு" என்று சொல்லும் தையல்காரர் சுற்றுலாத் துறையின் எந்தக் கையேட்டிலும் வரமாட்டார். இடம் மாறிய பிறகும் மிஷின் ஓடுகிறது. தேடிப் போக வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

தண்ணீர் பீய்ச்சுவதும் மாறிவிட்டது. ஆட்டுத்தோல் பையைத் தோளில் போட்டு, சின்னக் குழாய் வழியாக விரலால் கட்டுப்படுத்திப் பீய்ச்சுவதுதான் முறை. நடுவில் மோட்டார் வைத்து அழுத்தமாக அடிக்க ஆரம்பித்தார்கள். இப்போது அதற்குத் தடை. இது போன்ற தடைகளை நான் பொதுவாகச் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். இதை வரவேற்கிறேன். தோல்பை வைத்திருப்பவருக்குக் குறி தெரியும்.

*

கோடையில் தமுக்கம் மைதானத்தில் சித்திரைப் பொருட்காட்சி. அரசுத் துறைகளின் அரங்குகளை யாரும் பார்ப்பதில்லை என்று கேலி பேசுவார்கள். பொய். வெயில் தாங்காமல் உள்ளே நுழைந்து, மலேரியா கொசுவின் வாழ்க்கையை முழுதாகப் படித்துவிட்டு வெளியே வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டெல்லி அப்பளத்தில் மிளகாய்ப்பொடி குறைந்துகொண்டே வருகிறது. ராட்டினம் பரவாயில்லை. பக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனை, 1959-இலிருந்து காந்தி அருங்காட்சியகம். 1981-இல் உலகத் தமிழ் மாநாடு நடந்த மைதானம் இது. இப்போது ஒரு பெரிய மாநாட்டு அரங்கைக் கட்டியிருக்கிறார்கள். குளிர்சாதனம் உண்டு. நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு வசதி. வேர்க்கடலை வண்டிக்கு உள்ளே அனுமதி இல்லை.

*

பங்குனி பிறந்ததும் நாடகத்துக்குத் தேதி வாங்க ஊர்க்காரர்கள் டவுனுக்கு வருவார்கள். ஏஜெண்டு உட்காரும் இடம் ஒரு மேசை, ஒரு டைரி, சுவர் முழுக்கக் கலைஞர்கள் படம் போட்ட நோட்டீசுகள். ஒருநாள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டது:

"வள்ளி திருமணம்ணே. சாமிக்கு நேந்தது, வேற நாடகம் பேசாதீங்க."

"அதுக்கென்னண்ணே. தேதியச் சொல்லுங்க."

சொன்னார்கள். ஏஜெண்டு டைரியைப் புரட்டினார். "அன்னைக்கு நீங்க கேக்குற பபூன் ராமநாதபுரம் பக்கம் போறாரு. மறுநா காலி."

"சாமி சாட்டியாச்சுண்ணே. நாளை மாத்த முடியாது."

"அப்ப வேற பபூன் தாரேன். நல்லா செய்வாரு."

வந்திருந்த மூன்று பேரும் வெளியே போய் நின்று பேசினார்கள். பீடி பற்றவைத்தார்கள். உள்ளே வந்த பெரியவர், "ராஜபார்ட்ட வேண்ணா மாத்திக்கங்க தம்பி. பபூன் அவருதான் வேணும். ராமநாதபுரத்துக்காரங்ககிட்ட நாங்க பேசிக்கிறோம், நம்பர் குடுங்க" என்றார்.

ஏஜெண்டு நம்பர் கொடுக்கவில்லை. தானே போன் போட்டார். முன்பணம் எவ்வளவு கூடுதலாக வைப்பது என்ற பேச்சு ஆரம்பித்தபோது எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.